வளைவுக்கு இந்தப் பக்கம்

அக்காவைக் காரிலிருந்து தூக்கி இறக்குவதை என்னைத் தவிர ஒரு ஈ காக்கா பார்க்கக் கூடாது. அவளோடு பழகிய இத்தனை வருஷத்தில் அவள் எனக்குப் போட்ட சட்டம் இது ஒன்றுதான். மற்றபடி அவள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசுவாள், நானும் பதிலுக்கு ஏசுவேன், அப்புறம் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்போம். அந்தச் சட்டத்தை மட்டும் ஒரு நாளும் மீற விட்டதில்லை.

மலை மேலே அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவள் வீடு. குழந்தையிலேயே போலியோ வந்து இரண்டு காலும் விளங்காமல் போனவள். வட்டக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் போன் எடுத்து ரூம் புக்கிங் பார்க்கிற வேலை. நான் வீட்டிலேயே பிரெட்டும் பன்னும் சுட்டு வட்டக்கானல் கடைகளுக்குப் போடுகிறவள். காலையில் என் பழைய மாருதி காரில் பிரெட்டும் அவளும் நானுமாகப் போவோம். முதலில் கக்கத்தில் கட்டை ஊன்றித்தான் நடந்தாள். தோள்பட்டை தேய்ந்து போய், இனிமேல் கட்டை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் வெகுநாளாக இருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தர் தன் நாட்டுக்கே திரும்பிப் போனார். போகும்போது தான் ஓட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஸ்கூட்டரை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நாலு சக்கரம், ஒரு நாற்காலி, முன்னால் ஒரு கைப்பிடி. கட்டைவிரலால் அழுத்தினால் நகரும். கூட வருகிறவர் கொஞ்சம் எட்டி நடை போட்டால் போதும், சேர்ந்து போகலாம்.

கழற்றினால் ஐந்து துண்டு, சின்னக் காரிலேயே வைத்துவிடலாம் என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். வைத்துப் பார்த்தவளுக்கல்லவா தெரியும்! நாற்காலியைப் பிடுங்கிப் பின்சீட்டில் பிரெட் தட்டுகளுக்குப் பக்கத்தில் செருக வேண்டும். கைப்பிடி உள்ள முன்பாதியை மடக்கி இரண்டு சீட்டுக்கும் நடுவில் நுழைத்தால், கியர் போடும்போதெல்லாம் என் முழங்கையை இடிக்கும். மோட்டார் உள்ள பின்பாதி இருக்கிறதே, அது பிணக்கனம். டிக்கியில் வைத்தால் டிக்கி மூடாது, கயிறு போட்டுக் கட்ட வேண்டும். கூடை அவள் மடியில். கடைசியில் பேட்டரி மிஞ்சும். முதல் நாள் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடுரோட்டில் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா தன் காலடியைக் காட்டினாள்.

“இங்க வைடி.”

“அப்ப காலை எங்க வைப்ப?”

“காலு பாட்டுக்கு அது மேல கெடக்கட்டும். இத்தன வருசமா சும்மாத்தான கெடக்கு, ஒரு சோலியாவது பாக்கட்டும்.”

இப்படி ஒரு வாய். தூக்கி வைத்தவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. சிரிக்கிறதா, சண்டை போடுகிறதா என்று தெரியாமல் நான்தான் முழிப்பேன்.

விடுதி வாசல் வரைக்கும் கார் போகும். ஆனால் அக்கா அதற்கு முந்தின வளைவிலேயே, வளைவுக்கு இந்தப் பக்கம், நிறுத்தச் சொல்வாள். அங்கே எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றாக மாட்டி, கடைசியில் அவளை என் கழுத்தைக் கட்டிக்கொள்ள வைத்து, தூக்கி அதில் உட்கார்த்த வேண்டும். சேலையைப் பாதம் வரைக்கும் இழுத்துவிடுவாள். காரின் பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்து முடியை ஒதுக்குவாள். “நீ முன்னால போ” என்பாள். நான் போய் வாசலில் பன் தட்டோடு நிற்பேன். கொஞ்ச நேரம் கழித்து வளைவு திரும்பி வருவாள், என்னை அப்போதுதான் பார்க்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு. வெயில் காலத்தில் இதெல்லாம் சரி. ஆடி மாதச் சாரலில், மேகம் ரோட்டை மூடிக் கிடக்கிறபோது, விரல் விறைத்துப் போய் கொக்கியை மாட்ட முடியாமல் நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும்? ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கத்திவிட்டேன்.

“ஊரே போர்வைக்குள்ள கெடக்கு. எவன் வந்து உன்னையப் பாக்கப் போறான்?”

“எவனும் பாக்கலேன்னா நான் பாப்பேன்ல?” என்றாள்.

மறுபடி குனிந்து கொக்கியை மாட்டினேன். எனக்கு அன்றைக்குச் சாயங்காலமே காய்ச்சல் வந்துவிட்டது.

உதவிக்கு வருகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. ஒரு முறை வட்டக்கானல் ஏற்றத்தில் பெங்களூர்ப் பையன் ஒருவன், ஸ்கூட்டர் மெதுவாக ஏறுவதைப் பார்த்துப் பாவப்பட்டு, பின்னால் வந்து நாற்காலியைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தான். அக்கா வண்டியை நிறுத்தினாள். திரும்பினாள். “தம்பி, ஒங்க பைக்குல நீங்க போறப்ப நான் பின்னாடி புடிச்சு ஆட்டட்டுமா?” என்று கேட்டாள். அவனுக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது, முகம் முழுதாகவே புரிந்துவிட்டது. கையை எடுத்துவிட்டு ஓடியே போனான். பாவம், நல்ல பையன். அவனுக்காக நான் அவளோடு சண்டை போட்டேன்.

இன்னொரு முறை எங்கள் தெருவுக்கு மேலே ஒரு துக்க வீடு. கொட்டுகிற மழை. அங்கேயும் தெரு முக்கிலேயே நிறுத்தி, குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஐந்து துண்டையும் மாட்டினேன். இரண்டு பேரும் தெப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தோம். அந்த வீட்டுப் பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டு, “இந்த மழைல யாரு ஒன்னையக் கொண்டாந்து விட்டா?” என்று கேட்டார். அக்கா கொஞ்சமும் யோசிக்காமல், “நானாத்தான் வந்தேன்” என்றாள். நான் அவளுக்குப் பக்கத்திலேயே, சேலை சொட்டச் சொட்ட, பேய் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு முறைதான் சொன்னாள். சீசன் நெரிசலில் ஏரிக்கரை ரோட்டில் கார் நகராமல் நின்றபோது, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் சிறு பெண்ணாக இருந்தபோது அவள் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். மண்டபத்தில் ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, இதோ வருகிறேன் என்று போனவர் சொந்தக்காரர்களோடு பேச்சில் மறந்துவிட்டார். எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அவளுக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்தது. போகிற வருகிறவர்களிடம் சொல்ல வெட்கம். கடைசியில் நாற்காலியிலேயே போய்விட்டது. பட்டுப் பாவாடை. சமையல்காரர் ஒருவர்தான் பார்த்து, வாளித் தண்ணீரைக் கொண்டு வந்து தரையில் ஊற்றினார்.

“தூக்கிட்டு வந்தவுகதான் தூக்கிட்டுப் போகணும்டி. அவுக வர்ற வரைக்கும் நீ அவுக எறக்கி வச்ச சாமான். ஒன்னைய யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக.”

அதற்குப் பிறகு முக்கில் நிறுத்தச் சொன்னால் முணுமுணுத்தேன், ஆனால் நிறுத்தினேன்.

அவளுக்கு ஒரே தம்பி. அவன் பிறந்து ஒரு வருஷத்துக்குள் அவர்கள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா தோட்ட வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். வீட்டில் இவளும் கைக்குழந்தையும். “என் மடியிலயே வளந்தவன். என்னால எந்திரிச்சுப் போக முடியாதுல்ல, அதுனால அவனும் எங்கயும் போகல” என்று சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய கட்டையைப் பிடித்துத்தான் அவன் நடக்கக் கற்றானாம். அப்பாவும் போன பிறகு அவனைப் படிக்க வைத்தது இவள் சம்பளம். அவன் திருப்பூரில் கம்பெனி வேலைக்குப் போனான். தம்பி போன் வந்தால் மட்டும் அந்த வாய் வேறு வாயாகிவிடும். “சாப்டியாடா, சாப்டியாடா” என்று அதையே நாலு தடவை கேட்பாள்.

அவனுக்குக் கன்னிவாடியில் பெண் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு. மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் போட வேண்டியது. நாத்தனார் முடிச்சு. அக்கா தன் கல்யாணத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியவள் இல்லை. இந்த இரண்டு முடிச்சைப் பற்றி ஓயாமல் பேசினாள். மஞ்சள் கயிறு ஒன்றைப் பையிலேயே வைத்திருந்தாள். காரில் ஏறியதும் கியர் கம்பியில் அதைச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பழகுவாள். “அடியே, மூணாவது கியர் விழ மாட்டேங்குது, கையை எடு” என்று நான் கத்த, அவள் அவிழ்த்து அவிழ்த்து மறுபடி போடுவாள்.

அவர்களுக்கு ஒரு சித்தி உண்டு, அம்மாவுடைய தங்கை. வீட்டில் பெரியவர் என்று இருப்பது அவர்தான். அவர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, “கால் வெளங்காத புள்ள கையால தாலிமுடிச்சு விழுந்தா பொண்ணு வீட்டுல ஒரு மாதிரி நெனைப்பாக. எம்மக போடட்டும், அவளும் ஒனக்குத் தங்கச்சி முறைதான” என்று சொல்லியிருக்கிறார். தம்பி விடவில்லை. “எங்கக்கா போடாம வேற யாரு போடுறது?” என்று கேட்டுவிட்டான். மேடையில் ஏறுவதற்குச் சாய்வுப் பலகை போடச் சொல்லி மண்டபக்காரரிடம் அவனே பேசினான். இதை அக்கா என்னிடம் எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தத் தம்பி கெட்டவன் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

கல்யாணத்தன்று வெள்ளனே கிளம்ப வேண்டும். சொந்தக்காரர்களுக்கு ஒரு வேன். அக்காவும் நானும் என் காரில். நான் ஸ்கூட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சித்தி வரிசைத்தட்டுகளோடு வந்து நின்றார். பழம், தேங்காய், இனிப்பு, பட்டுப்புடவை என்று தட்டுத்தட்டாகப் பின்னால் பெண்கள்.

“வேன்ல இத வைக்க எடமில்ல. இந்தக் கார்ல வச்சிருங்க” என்றார்.

“கார்ல வண்டி போகுது சித்தி” என்றாள் அக்கா.

“இந்த வண்டி எதுக்குத்தா இப்ப? அங்க நம்ம பயலுக எத்தன பேரு இருக்கான். அலுங்காமத் தூக்கி ஒக்கார வச்சிருவான். வரிசைத்தட்ட மடியில வச்சா ஒருத்திக்கும் சேலை மடிப்பு நிக்காது.”

அக்கா குரலை உயர்த்தவில்லை. “வண்டி வரலேன்னா நான் வரல. நான் வரலேன்னா எந்தம்பி மணவறையில ஒக்கார மாட்டான். போன் போடட்டுமா?”

சித்தி தட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். வேனில் ஆளுக்கொரு தட்டாக மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் காரைப் பார்த்து என்னவோ சொல்லிக்கொண்டே போனார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மலை இறங்குகிற வரைக்கும் நானும் அக்காவும் அவர்களைப் பற்றியே பேசிச் சிரித்தோம்.

கன்னிவாடியில் மண்டபத்துக்கு முந்தின முக்கில், ஒரு உரக்கடை ஓரமாக நிறுத்தினேன். அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஐந்து துண்டையும் மாட்டி, அவளை உட்கார்த்தி, பட்டுச்சேலையை நானே பாதம் வரைக்கும் இழுத்துவிட்டேன். கழுத்தில் அவள் அம்மாவின் சங்கிலி. தலை நிறைய மல்லிகை. “நல்லா இருக்கேனாடி?” என்று கேட்டாள். அப்படி அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை. மண்டபத்துக்குள் அவள் ஓட்டிக்கொண்டு போனபோது நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே தலையை ஆட்டி வழிவிட்டார். பெண் வீட்டார் எழுந்து நின்று கும்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அக்கா என்று அவர்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

சாய்வுப் பலகை போட்டிருந்தது. தம்பி சொன்ன சொல் தவறவில்லை. சிவப்பு விரிப்புக்கூட விரித்திருந்தார்கள். அதன் மேல் கீழிருந்து மேலாக, வரிசைத்தட்டு அத்தனையும் அடுக்கி வைத்திருந்தது.

எங்களுக்கு முன்னால் வேனில் வந்து இறங்கிய சொந்தக்காரர்கள் செய்த வேலை. விரிப்போடு சாய்வாக ஒன்று மேடை ஓரத்தில் கிடக்கவும், தட்டு வைக்கத்தான் போட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார்களாம். வீடியோவில் எல்லாத் தட்டும் தெரியுமாம். தட்டுகள் சரிந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் அடியிலும் துண்டை மடித்து அண்டக்கொடுத்திருந்தார்கள். அவ்வளவு அக்கறை! வேண்டுமென்றே செய்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருக்காது.

“எடுங்க அத” என்றேன். நானே குனிந்து ஒரு தட்டில் கையை வைத்துவிட்டேன்.

சித்தி ஓடி வந்து என் கையைப் பிடித்தார். “ஆத்தா, வச்ச வரிசைய தாலி ஏறுறதுக்கு முந்திக் கலைக்கப்படாது! நல்ல காரியம்.” பெண் வீட்டுப் பெரியவர்களும் ஆமாம், கலைக்கக் கூடாது என்றார்கள். ஐயர் மேடையிலிருந்து, “நேரமாகுது, நாத்தனார் வரட்டும்” என்று குரல் கொடுத்தார். இன்னொரு பக்கம் நாலு படி இருந்தது. மணவறையில் மாலையோடு உட்கார்ந்திருந்த தம்பி எட்டிப் பார்த்தான். அக்காவையும் பார்த்தான், பலகையையும் பார்த்தான். “அக்கா, இன்னைக்கு ஒரு நாளுக்கா” என்றான். பிறகு கீழே நின்ற தன் கூட்டாளிகளிடம், “டேய், வெரசாத் தூக்கிட்டு வாங்கடா” என்றான்.

மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். சொல்லியிருந்தால் நானே அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையையும் பிள்ளை மாதிரி மேலே தூக்கினாள்.

“சரி. தூக்குங்க.”

இரண்டு பையன்கள். ஒருவன் கக்கத்தில் கை கொடுத்தான், ஒருவன் காலைச் சேர்த்துப் பிடித்தான். தூக்கத் தெரியாதவர்கள். சேலை முழங்காலுக்கு மேலே ஏறியது, நான் கூடவே ஓடிக் கீழே இழுத்துவிட்டேன். இரண்டாவது படியில் ஒருவன் செருப்பு வழுக்கி, “இருடா, இருடா” என்று நின்றார்கள். அந்த நேரத்தில் கெட்டிமேளம் முழங்கிவிட்டது. அக்கா காற்றில் தொங்கிக்கொண்டு, கழுத்தை நீட்டி மணவறைப் பக்கம் பார்த்தாள். தம்பி முதல் முடிச்சைப் போட்டான். பெண்ணுக்குப் பின்னால் குனிந்து நின்று மற்ற இரண்டையும் போட்டது சித்தி மகள். அட்சதை பறந்து வந்து விழுந்தது. அக்கா தலையிலும் விழுந்தது, அவளைப் பிடித்திருந்த பையன்கள் தலையிலும் விழுந்தது.

அப்புறமும் மேலே கொண்டுபோய் மணவறைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தினார்கள். போட்டோக்காரர் வந்து, “அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்குங்க” என்றார். அவருக்கு என்ன தெரியும்? நான் நாற்காலியோடு அவளை இழுத்து நகர்த்தினேன். கூட்டம் பந்திக்குக் கலைந்தது. தூக்கி வந்த பையன்கள் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

“கொஞ்சம் இருக்கா, ஆளைக் கூட்டிட்டு வாறேன்.”

“வேணாம். என்னையக் கீழ விடு” என்றாள்.

அவளை மேடையில் இறக்கி உட்கார்த்தினேன். கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாக இறங்கினாள். பட்டுச்சேலை படியெல்லாம் துடைத்துக்கொண்டு வந்தது. பார்த்தவர்கள் பார்த்தார்கள். நான் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தி அவளைத் தூக்கி உட்கார்த்தியதும், வா போகலாம் என்றேன்.

“சாப்டுட்டுத்தான் போகணும். சாப்புடாமப் போனா கோவிச்சுக்கிட்டுப் போறாம்பாளுக.”

பந்தியில் போய் உட்கார்ந்து சாம்பார், ரசம், மோர் என்று எதையும் விடாமல் சாப்பிட்டாள். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். சித்தி வந்து, “என்னத்தா, சாப்பாடெல்லாம் எப்படி?” என்று கேட்டதற்கு, “உப்பு சரியா இருக்கு” என்றாள். நான் இலையை மூடிவிட்டேன். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

உரக்கடை ஓரத்தில் ஸ்கூட்டரைக் கழற்றி ஏற்றிக்கொண்டிருந்தபோது தம்பி மாலையும் கழுத்துமாக வேகமாக வந்தான். நான் மோட்டார் பாதியைத் தூக்குவதைப் பார்த்து, தானும் ஒரு கை பிடிக்கக் குனிந்தான். “நீ வேணாம்டா, அவ தூக்கிக்கிருவா” என்றாள் அக்கா, முன்சீட்டில் இருந்தபடியே. அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, ஐயரு அவசரப்படுத்திட்டாருக்கா. மேளத்த அடிச்சிட்டாக. ரெண்டு முடிச்சுத்தானக்கா, யாரு போட்டா என்ன? நீதான எனக்கு அம்மா, அப்பன் எல்லாம்.”

“மொத முடிச்சு நீதான போட்ட?”

“ஆமாக்கா.”

“போட்டப்பறம் கயிறு ஒங் கையிலதான இருந்துச்சு?”

அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான்.

“விடாமப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்லடா. ரெண்டு படிதான் இருந்துச்சு. நான் வந்துருப்பேன்ல?”

அக்கா கத்தவில்லை. சாப்பிட்டியா என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள். தம்பியின் விரல் நுனிகளில் தாலிக் கயிற்று மஞ்சள் ஒட்டியிருந்தது. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல், பட்டு வேட்டியில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். நான் பேட்டரியைத் தூக்கி அவள் காலடியில் வைத்து, அவளுடைய இரண்டு காலையும் எடுத்து அதன் மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.